கேமரா வைக்கிற இடம்

முசிறிக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையில் ஒரு சின்ன மடம். அங்கே இருந்தவர் தவமணி அம்மா. யார் கேள்வியோடு போனாலும் கேட்டுக்கொள்வார். சில நாள் பதில் சொல்வார். சில நாள் ஏதாவது வேலை கொடுத்து அனுப்பிவிடுவார்.

பொன்னுரங்கம் அவருடைய சீடர். அம்மாவை விட வயதில் மூத்தவர். டவுனில் பெயின்ட் கடை வைத்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை மடத்துக்கு வந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்.

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, வீட்டுக்கு வெளியில கேமரா வைக்கப் போறேன். எங்க வைக்கணும்னு நீங்கதான் சொல்லணும்."

"விக்கிறவரு சொல்லலியா?"

"நாலு மூலைக்கும் நாலு வைக்கச் சொல்றாரு. எனக்கு மனசு ஒப்பல."

"கடையில ஏற்கெனவே ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்கும்மா. ஆயுத பூஜைக்கு எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வெச்சேன். அதுக்கும் வெச்சேன், கண்ணாடி மேலயே. ரொம்ப நாள் கடை செக்கச்செவேல்னு தெரிஞ்சுது. மெஷின் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன்."

அம்மா சிரித்தார்.

"சரி. வீட்ல என்ன காணாமப் போச்சு?"

"கேஸ் சிலிண்டர். சீல் உடைக்காதது. கேட்டுக்கு உள்ள சுவரோரமா நின்னுச்சு. பட்டப்பகல்ல தூக்கிட்டுப் போயிட்டான். நான் கடையில இருந்தேன்."

"வீட்ல?"

"அஞ்சுகம் மட்டும்தான்."

அஞ்சுகம் அவர் மனைவி. வாதம் வந்ததிலிருந்து இடது பக்கம் வராது. கட்டிலோடுதான் இருப்பு.

"சிலிண்டர் போனாப் போகட்டும்மா. கேட்டு திறக்கிற சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கு. நான்தான்னு நினைச்சு, 'ஏங்க, கொஞ்சம் தண்ணி குடுங்க'ன்னு கூப்பிட்டிருக்கா. வந்தவன் பதிலே சொல்லாம நின்னிருக்கான். அப்புறம் போயிட்டான். அன்னைலேர்ந்து கேட்டு சத்தம் கேட்டாலே பதறிப்போறா."

அம்மா கீரைக் காம்பைக் கீழே வைத்தார்.

"யாருன்னு நினைக்கிறீங்க?"

"எதிர் வீட்டு நாச்சியாரோட மகன். கதிரேசன். வேலைவெட்டி இல்ல. பொழுதுக்கும் வாசப்படியில ஃபோனை நோண்டிக்கிட்டு உக்காந்திருப்பான்."

"அவன் எடுத்ததை யாராச்சும் பார்த்தாங்களா?"

"பார்க்கல. அதுக்குத்தான் கேமரா. மாடிச் சுவர்ல மாட்டினா அவங்க வாசல் நேராத் தெரியும். அவன் எப்ப வரான், எப்ப போறான், கடையிலேர்ந்தே பார்த்துக்கலாம்."

"அப்ப இடம் பார்த்தாச்சு."

"நீங்க சரின்னு சொன்னா மாட்டிடுவேன்."

"மாட்டறதுக்கு முன்னால, அதே இடத்துல ஒரு காலைப்பொழுது நீங்க உக்காந்து பாருங்க. அது செய்யப் போறதை நீங்க செய்யுங்க. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்பக் கூடாது. யார் கேட்டாலும் பேசக் கூடாது. கேமரா பேசாது."

"நானாம்மா? கடை திறக்கணுமே."

"டப்பாவுக்குள்ள இருக்கிற பெயின்ட் ஒரு காலையில காஞ்சு போயிடாது. உக்காருங்க."

மறுநாள் விடியும்போதே பொன்னுரங்கம் மாடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். கைப்பிடிச் சுவர் மேல் தாடையை வைத்துக்கொண்டார். எதிர் வீட்டு வாசல் நேராகத் தெரிந்தது.

தெருவில் போன ஒருவர் அண்ணாந்து பார்த்தார். "என்ன முதலாளி, காக்காய்க்குச் சோறு வெச்சுட்டுக் காத்திருக்கீங்களா?"

பொன்னுரங்கம் பேசவில்லை.

நாச்சியார் வாளியோடு வெளியே வந்தாள். பெருக்கித் தண்ணீர் தெளித்தாள். குனிந்து புள்ளி வைக்க ஆரம்பித்தாள். தினமும் கோலம் முடிந்ததும் அவள் நேரே தெருவைத் தாண்டி இங்கேதான் வருவாள். அஞ்சுகத்துக்கு முகம் துடைத்து, தலை வாரி, சேலை மாற்றிவிட்டுப் போவாள். வாதம் வந்த நாளிலிருந்து அதுதான் வழக்கம். யாரும் கேட்டு அவள் செய்யவில்லை.

பாதிப் புள்ளியில் அவள் நிமிர்ந்தாள்.

"என்னண்ணே, காலங்காத்தால மொட்டை மாடியில?"

அவர் பேசவில்லை.

"அண்ணி நல்லாருக்காங்கல்ல?"

அதற்கும் பேசவில்லை. கண்ணையும் எடுக்கவில்லை.

நாச்சியார் கொஞ்சம் நின்றாள். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். புள்ளி வைத்தது வைத்தபடி இருக்க, கோலப்பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பிறகு கதிரேசன் வந்தான். படியில் உட்கார்ந்தான். மேலே பார்த்தான், ஃபோனைப் பார்த்தான், மறுபடியும் மேலே பார்த்தான். முதுகைத் திருப்பி உட்கார்ந்தான். அப்புறம் அவனும் எழுந்து உள்ளே போய்விட்டான். கதவைச் சாத்திக்கொண்டார்கள். அந்தக் கதவு பகலில் சாத்தி பொன்னுரங்கம் பார்த்ததில்லை.

வெயில் ஏறியது. எதிர் வீடு கிழக்கு. சூரியன் அதன் ஓட்டுக்கு மேலே வந்ததும் அவருக்குக் கண் கூசி நீர் வடிந்தது. வாசலும் தெரியவில்லை, கதவும் தெரியவில்லை. பக்கத்துப் புங்க மரத்தின் கிளை காற்றில் ஆடும்போதெல்லாம் யாரோ வருகிறார்கள் என்று திடுக்கிட்டார்.

அப்போது கீழே அவர் வீட்டு கேட்டு சத்தம் போட்டது.

எட்டிப் பார்த்தார். சன்ஷேடு மறைத்தது. அதன் விளிம்பில் காய்ந்து கிடந்த புங்க இலைகள்தான் தெரிந்தன.

"யாரு?" என்று உள்ளிருந்து அஞ்சுகத்தின் குரல் வந்தது. "யாருங்க?"

பொன்னுரங்கம் படியில் தடதடவென்று இறங்கி ஓடினார். பால்காரர் பாக்கெட்டை வைத்துவிட்டுப் போயிருந்தார். அஞ்சுகம் வலது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தாள். சட்டம் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"பால்காரருதான்" என்றார்.

"நாச்சியார் ஏன் இன்னும் வரல? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"வருவா."

வரவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு அவரே சீப்பை எடுத்தார். 

"விடுங்க. தலை வாரறீங்களா, செவுத்தைச் சுரண்டறீங்களா?" என்றாள் அஞ்சுகம். கொஞ்ச நேரம் கழித்து, "அவளை ஏதாச்சும் சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணுமே சொல்லலியா?"

அவர் சீப்பைக் கீழே வைத்தார்.

மாலையில் மடத்துக்குப் போனார். அம்மா மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார்.

"உக்காந்தீங்களா?"

"உக்காந்தேன்."

"என்ன தெரிஞ்சுது?"

"எதிர் வீட்டு வாசல். வெயில் வந்ததும் அதுவும் தெரியல."

"உங்க கேட்டு?"

"சன்ஷேடு மறைக்குதும்மா. பால்காரர் வந்தது கூடத் தெரியல."

"வேற?"

"நாச்சியார் என்னன்னு கேட்டாங்க. நான் பதிலே சொல்லாம இருந்தேன்." தோள் துண்டை எடுத்து மடித்தார். "இன்னைக்கு அஞ்சுகத்தைப் பார்க்க அவங்க வரல."

அம்மா வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

"அப்ப கேமரா வேணாமாம்மா?"

"ஏன் வேணாம்? வீட்ல ஒருத்தங்க பயந்துகிட்டுப் படுத்திருக்காங்க. கேட்டு சத்தம் கேட்டா, யாருன்னு கட்டில்லேர்ந்தே அவங்க பார்க்கணும். படம் உங்க ஃபோன்ல தெரிஞ்சா போதாது. அவங்க வலது கை எட்டற இடத்துல தெரியணும்."

"செஞ்சுடலாம். நாலும் வாங்கட்டுமா?"

"ஒண்ணு போதும். கேட்டு, மதில், வாசக்கதவு, மூணும் ஒண்ணாத் தெரியற இடம் எது?"

பொன்னுரங்கம் யோசித்தார். மனசுக்குள்ளேயே வீட்டைச் சுற்றி வந்தார்.

"கேட்டுத் தூண்ல வெச்சா?"

"கை எட்டும். துணியைப் போட்டு மூடிட்டுப் போவான்."

"பக்கச் சுவர்ல வெச்சா வாசக்கதவு மறைஞ்சுடும். வாசக்கதவுக்கு மேல வெச்சா மதில் மூலை தெரியாது." தரையில் விரலால் கோடு போட்டுப் பார்த்தார். "மூணும் ஒண்ணாத் தெரியணும்னா தெருவுக்கு அந்தப் பக்கம் போகணும். எதிர் வீட்டு ஜன்னலுக்கு மேல. அங்கேர்ந்து பார்த்தா முழுசாத் தெரியும். காலை வெயிலும் பின்னால போயிடும்."

"அங்க வைங்க."

"அது நாச்சியார் வீட்டுச் சுவரும்மா."

"ஆமா."

"கரன்ட்டும் அவங்க வீட்லேர்ந்துதான் எடுக்கணும்."

"ஆமா."

"கதிரேசன் நினைச்சா ஒரு நிமிஷத்துல வேற பக்கம் திருப்பி வெச்சுடுவான்."

"திருப்பலாம்."

மாடு தண்ணீர் குடித்து முடித்துத் தலையை உதறியது. பொன்னுரங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவங்க சம்மதிக்கணுமேம்மா. நான் அந்த வீட்டு வாசல்ல போய் நின்னு, எல்லாத்தையும் சொல்லி, வாயைத் திறந்து கேட்கணும்."

"அதுக்குத்தான் அங்க வைக்கச் சொல்றேன்" என்றார் அம்மா.