பதினான்காவது குறை

இது சிரிக்க வேண்டிய கதைதான். ஆனால் இப்போது வேண்டாம். வருகிற சிரிப்பை ஒரு தூக்குவாளியில் போட்டு இறுக்க மூடி வையுங்கள். எப்போது திறக்கலாம் என்று கதையே சொல்லும்.

திண்டுக்கல்லில் அருளானந்தம் என்று ஓர் இயற்பியல் ஆசிரியர். முப்பத்தோரு வருடம் பாடம் நடத்தியவர். ‘ஆகவே’ போடாமல் தும்மக்கூட மாட்டார். அவர் மனைவி ஜெசிந்தா, ரயில்வே முன்பதிவுக் கவுன்டரில் வேலை பார்த்தவர். கண்ணாடிக்கு உள்பக்கம் உட்கார்ந்துகொண்டு ஊரையெல்லாம் ஜம்முவுக்கும் பூரிக்கும் அனுப்பி வைத்தாரே தவிர, தான் மதுரையைத் தாண்டியதில்லை. படுக்கையில் கிடந்த மாமனாரை விட்டு நகர முடியவில்லை. ஒருநாள் குஜராத்தின் மேற்குக் கோடியில் இருக்கும் ஓகாவுக்கு டிக்கெட் எடுத்த ஒருவர், அதற்கு மேல் தண்டவாளம் கிடையாது, கடல்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்தக் கடைசியைப் பார்த்துவிட வேண்டும் என்று ஜெசிந்தாவுக்கு ஓர் ஏக்கம். யாராவது ஓகாவுக்கு டிக்கெட் வாங்கினால், போகிறவரின் முதுகையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். அதற்குள் வரிசை முணுமுணுக்கத் தொடங்கிவிடும்.

மாமனார் காலமானார், இருவரும் ஓய்வு பெற்றார்கள். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்த புத்தம்புது கேம்பர் வேன் ஒன்று வாசலில் வந்து நின்றது. கூடவே குறைகளும் வந்தன. முதல் வாரம் பக்கக் கதவு பாதியில் நின்றது. அடுத்த வாரம் பாத்திரம் கழுவும் இடத்துக் குழாய் அலமாரிக்குள் ஒழுகியது. பிறகு ஃப்ரிட்ஜ் பேட்டரியை உறிஞ்சிக் குடித்துவிட, ஹாரன் பூனைக்குட்டி மாதிரி கத்தியது. ஆசிரியர் ஒரு நோட்டில் கோடு போட்டு ‘எண், குறை, காரணம்’ என்று எழுதி வந்தார். பட்டறைக்காரர், “புது வண்டின்னா அப்படித்தான் சார். புள்ளைக்குப் பல்லு மொளைக்கிற மாதிரி. மொளைச்சு முடிஞ்சா அடங்கிரும்” என்று சொல்லிச் சொல்லியே பதின்மூன்று குறைகளைச் சரிசெய்தார்.

எல்லாக் குறையும் தீராமல் வண்டி ஊரைத் தாண்டாது என்பது ஆசிரியர் போட்ட சட்டம். இன்னொரு சட்டமும் உண்டு. இருக்கையிலோ மெத்தையிலோ கூரை விசிறியிலோ ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளை முதல் பயணம் வரை யாரும் உரிக்கக் கூடாது. புதுசு கலைந்துவிடுமாம்.

பதினான்காவது குறைதான் அடங்கவில்லை. பழகிக்கொள்வதற்காக மார்கழியில் இருவரும் வேனுக்குள்ளேயே படுத்தார்கள். கொசுவுக்குப் பயந்து ஜன்னலெல்லாம் இறுக்க மூடியிருக்கும். விடிந்தால் கூரையிலிருந்து ஆசிரியரின் நெற்றியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். மழை இல்லை, வெளியே பனி மட்டும்தான். ஆகவே பனி கூரை வழியாக ஒழுகுகிறது என்று முடிவு கட்டினார். பட்டறையில் ஒரு மணி நேரம் கூரைமேல் குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடித்தார்கள். உள்ளே ஒரு துளி இறங்கவில்லை. அவர்களுக்குச் சரியாக அடிக்கத் தெரியவில்லை என்றார் ஆசிரியர். ஒரு கல்யாணத்துக்காக இருவரும் மதுரையில் தங்கிவிட்டு மறுநாள் காலையில் வந்து பார்த்தார்கள். பனி கொட்டியிருந்தது, தொட்டியில் தண்ணீரும் நிறைய இருந்தது, ஆனால் வேனின் உள்பக்கம் காய்ந்து கிடந்தது. அன்று பனிக்கு வேறு வேலை இருந்திருக்கும் என்றார்.

ஜெசிந்தா சண்டை போடவில்லை. “என் பேரு மட்டும் இன்னும் வெயிட்டிங் லிஸ்ட்லயே இருக்குங்க” என்றார், பழைய கவுன்டர் குரலில்.

அந்தக் குரல் ஆசிரியரைச் சுட்டது. சொட்டுவதை யார் நிறுத்துகிறாரோ அவர் சொல்கிற ஊருக்குத்தான் முதல் பயணம் என்று வாக்குக் கொடுத்தார்.

அந்தச் சனிக்கிழமை மூன்று பேர் மூன்று காரியம் செய்தார்கள். மத்தியானம் ஜெசிந்தாவின் தம்பி பெஞ்சமின் வந்து கூரை இணைப்பு முழுவதும் பசை பூசினான். சாயந்தரம் ஆசிரியர் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து காலி செய்தார். படுக்குமுன் ஜெசிந்தா, படுத்தபடியே கொஞ்சம் வானம் பார்க்க ஆசைப்பட்டு, கூரை விசிறியின் திறப்பை மூடியிருந்த தாளைச் சத்தமில்லாமல் உரித்து, மடித்து, மெத்தைக்கு அடியில் செருகிவிட்டார்.

ஞாயிறு காலை நெற்றி காய்ந்திருந்தது.

“அத்தான், பசை என்னோடது. வண்டியைக் கோவாவுக்கு விடுங்க” என்றான் பெஞ்சமின். இல்லை, தொட்டிதான் காரணம், ஆகவே வைகை அணை வரை போய்விட்டுச் சாயந்தரமே திரும்பிவிடலாம் என்றார் ஆசிரியர். ஜெசிந்தா வாயைத் திறக்கவில்லை. திறந்தால் சட்டம் மீறியதைச் சொல்ல வேண்டும். மெத்தை ஓரத்தில் கையை வைத்துக்கொண்டு, கடலுக்கு முன்னால் தண்டவாளம் எப்படி முடியும், சட்டென்று நிற்குமா, கொஞ்சம் மணலுக்குள் போய் நிற்குமா என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். சொட்டுவதை நிறுத்தியது யார்? வாக்குப்படி வண்டி எந்த ஊருக்குப் போக வேண்டும்?

விடை: கல்யாணத்துக்குப் போன அன்று கூரையில் பசை இல்லை, தொட்டி நிறைந்திருந்தது, பனியும் கொட்டியது. இல்லாதது உள்ளே படுக்கும் இரண்டு பேர் மட்டும்தான். மூடிய வேனுக்குள் அவர்கள் விட்ட மூச்சே குளிர்ந்த கூரையில் பட்டு, நீராகி, ஆசிரியரின் நெற்றிக்கே திரும்பி வந்தது. தாளை உரித்ததும் மூச்சுக்கு வழி கிடைத்துவிட்டது. ஆகவே வண்டி ஓகாவுக்கு. இதை யாரும் ஆசிரியருக்குச் சொல்லவில்லை. அன்று மத்தியானம் மெத்தையைத் தட்டிப் போட்டபோது மடித்த தாள் கீழே விழுந்தது. ஆசிரியர் அதைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு பெஞ்சமின் கையில் இருந்த ஃப்ரிட்ஜ் தண்ணீர் டம்ளரைப் பார்த்தார். டம்ளரின் வெளிப்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தது. முப்பத்தோரு வருடம் வகுப்பு மேசையில் அவரே வைத்து நடத்திய பாடம். நோட்டை எடுத்தார். பதினான்காவது குறைக்கு நேரே, ‘காரணம்’ என்ற இடத்தில், ‘அருளானந்தம்’ என்று எழுதினார். தூக்குவாளியை இப்போது திறக்கலாம். பிறகு அவர் வேனை விட்டு இறங்கி, சுற்றி வந்து, ஜெசிந்தா உட்கார்ந்திருந்த ஜன்னல் கண்ணாடியைத் தட்டி, வரிசையில் நிற்கிறவர் மாதிரி குனிந்து கேட்டார்: “மேடம், ஓகாவுக்கு ரெண்டு.”