ரெண்டு அரை

"ரெண்டு அரை சேர்ந்தா ஒண்ணுதான மேடம்? அதுக்குப் போயி முட்டை போட்டிருக்கீங்க!"

இசக்கிராஜா விடைத்தாளை லேப் மேசைமேல் வீசினான். அணுக்கரு இயற்பியலில் இரண்டாவது தடவையாக ஊத்திக்கொண்டது. வாசலில் அவன் மச்சான் பைக்கில் இருந்தபடி ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான். கோயம்புத்தூரில் பம்புசெட் கம்பெனி வேலை, இன்றைக்கே கிளம்பினால்தான் உண்டு. போவதா, மூன்றாவது தடவை எழுதுவதா? அதைக் கேட்கத்தான் வந்தான். வந்த இடத்தில் வாய் சும்மா இருக்கவில்லை.

மரியபுஷ்பம் மேடம் தாளைப் பார்க்கவில்லை. "என்ன எழுதுன, சொல்லு."

"ஒரு அரை ஆயுள் போனா பாதி அணு சிதையும். இன்னொரு அரை ஆயுள் போனா மீதியும் தீந்துரும்."

"மீதியில பாதிதான்லே போகும்."

"அதெப்படி? அதுக்கும் வயசாகும்லா?"

மேடம் அலமாரியைத் திறந்து, சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வில்லையை எடுத்து வந்தார். கதிர்வீச்சை எண்ணும் கெய்கர் கவுண்டரைப் போட்டார். வில்லையை அதன் குழாய்க்குப் பக்கத்தில் வைத்ததும் கவுண்டர் எண்ணெயில் விழுந்த கடுகு மாதிரி படபடத்தது.

"இது சீசியம். அரை ஆயுள் முப்பது வருஷம். லேபுக்கு வந்தும் முப்பது வருஷம் ஆச்சு. இதுல இன்னும் சிதையாம கெடக்கிற அணுவுல ஒண்ண எடுத்துக்க. இன்னைக்குத்தான் எங்கயோ ஒரு அணு உலையில இன்னொண்ணு பொறந்திருக்கு. எது முதல்ல போகும்?"

"கிழடுதான்."

"ரெண்டுக்கும் ஒரே வாய்ப்பு."

"முப்பது வருஷம் தாக்குப் பிடிச்சிருக்கு மேடம்!"

"அது அணுவுக்குத் தெரியாது."

ஹாரன் அலறியது. அவன் வாசலைப் பார்த்தான். மேடம் வில்லையை மேசையின் அந்தக் கோடிக்கு நகர்த்தினார். படபடப்பு அடங்கி, எப்போதாவது ஒரு 'டிக்'.

"அடுத்தது எப்போ? சொல்லு."

"இப்போ."

வரவில்லை.

"இப்போ!"

இல்லை. அவன் வாயைத் திறப்பதற்குள் இரண்டு சேர்ந்தாற்போல் வந்தன. பிறகு சத்தமே இல்லை. அவனுக்குக் கால் நிலைகொள்ளவில்லை.

"இந்தா வந்துரும் பாருங்க. ரொம்ப நேரமாச்சு."

"யாருக்கு? அணுவுக்கா, உனக்கா?"

அவனுக்குச் சுருக்கென்றது. மேசையைக் குத்தினான். "சும்மா வெளையாடாதீங்க மேடம். ரெண்டு தடவ ஃபெயிலு. அக்கா முகத்துல முழிக்க முடியல. மூணாவது தடவையும் ஊத்திக்கும்னா இப்பவே சொல்லிருங்க, நான் பாட்டுக்குப் போயிருதேன்."

மேடம் விடைத்தாளை எடுத்தார். நாலாக மடித்து அவன் சட்டைப் பையில் செருகினார்.

"மூணாவதுன்னு உனக்குத்தான் தெரியும். கேள்வித்தாளுக்குத் தெரியாது. மச்சான் கூப்பிடுதான், கெளம்பு. போறப்ப ஃபேனையும் கவுண்டரையும் அணைச்சிரு."

இசக்கிராஜா ஃபேனை அணைத்தான்.

கவுண்டரை அணைக்கவில்லை. வாசலில் ஹாரன் அலற, அடுத்த 'டிக்'குக்காக அதன் முன்னால் உட்கார்ந்தான்.