கேக் டப்பா மூடியும் கோணல் எழுத்தும்

"குருவே, இதை மட்டும் கெடுத்துடாம சுருக்கிக் குடுங்க."

கோதண்டம் ஒரு கேக் டப்பா மூடியை நீட்டினார்.

குருவுக்கு வயது இருபத்தாறு. பேர் நிலோஃபர். எங்களுக்கெல்லாம் மிஸ். ரிட்டயரான லைன்மேன் கோதண்டத்துக்கு மட்டும் குரு. கிண்டலாக ஆரம்பித்தது, அப்படியே நிலைத்துவிட்டது.

சனிக்கிழமைதோறும் எங்கள் காலனி மாடியில் வகுப்பு. பேக்கரியில் கேக் வைத்துக் கொடுக்கிறார்களே, அந்த மெல்லிய டப்பாவின் மூடியில் பெரிசாக எழுதி, ஓட்டை போட்டு, ஓவனில் வைப்போம். நெளிந்து சுருண்டு, பிறகு தானாகப் படிந்து, சின்னதாகக் கெட்டியாகிவிடும். சாவியில் கோத்துக்கொள்ளலாம்.

கோதண்டத்தின் மூடியில் மார்க்கரால் எழுதியிருந்தது: 'தொடாதீங்க. உங்களுக்கு சுகர்.'

எங்களோடு சேர்ந்து மிஸ்ஸும் சிரித்துவிட்டாள். "யார் எழுதினது?"

"என் வீட்டுக்காரி. கை விழறதுக்கு முந்தின வாரம். அவ கையெழுத்துன்னு பாக்க இனிமே எனக்கு இது ஒண்ணுதான்."

எங்கள் சிரிப்பு அடங்கிப்போனது. பக்கவாதத்தில் மரகதம்மாவுக்கு வலது கை போனது எல்லோருக்கும் தெரியும்.

மிஸ் மூடியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"முடியாது."

"ஏன் குருவே?"

"இடது கை நல்லாத்தானே இருக்கு?"

"இருக்கு. ஒரு தடவை எழுதிப் பாத்தா. கோழி கிண்டின மாதிரி வந்துச்சு. பேனாவை ஜன்னல் வழியா வீசிட்டா, அதோட சரி. கெஞ்சியும் பாத்துட்டேன்."

மிஸ் புது மூடி ஒன்றை எடுத்தாள். இடது கையால் என்னவோ எழுதினாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட வெட்கப்படும். ஓவனில் வைத்தாள். சுருங்கி வந்ததை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

கோணலெல்லாம் எங்கே போச்சோ! பொடிப்பொடியாக, லட்சணமாக, 'வாங்க ஆன்ட்டி' என்று இருந்தது.

"அவகிட்ட காட்டவா?"

"பின்ன, உங்களுக்கா எழுதினேன்?"

அடுத்த சனிக்கிழமை மரகதம்மா வந்துவிட்டார். முகம் மட்டும் உர்ரென்று இருந்தது.

"சும்மா பாக்கத்தான் வந்தேன். எழுதல்லாம் மாட்டேன்."

"சரி ஆன்ட்டி."

பெரிய மூடி ஒன்றையும் மார்க்கரையும் அவர் முன்னால் வைத்துவிட்டு மிஸ் நகர்ந்துவிட்டாள். பக்கத்தில் உட்காரப் போன கோதண்டத்தையும் இழுத்துக்கொண்டு போய், கையில் கத்தரிக்கோலைத் திணித்தாள். அந்த மனுஷன் வெட்டியது பாதி, எட்டிப் பார்த்தது பாதி.

ரொம்ப நேரம் கழித்து மரகதம்மாவின் குரல் வந்தது.

"ஏம்மா, இதை உள்ள வை. யாரும் படிக்கக் கூடாது. அவரு முக்கியமா படிக்கக் கூடாது."

மூடி சூட்டில் சுருண்டது.

"போச்சு! போச்சு!" என்று பாய்ந்தார் கோதண்டம். ஒவ்வொரு தடவையும் இதே கூத்துதான். பாதியில் ஓவனைத் திறந்து எத்தனை மூடியைப் பாழாக்கியிருக்கிறார்! மிஸ் அவர் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மூடி மெல்லப் படிந்தது.

மிஸ் வெளியே எடுத்துப் பார்த்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"ஆன்ட்டி, கல்யாணமாகி எத்தனை வருஷம்?"

"ஆச்சு, நாப்பதுக்கு மேல."

"ஒரு தடவைகூட இதைச் சொன்னதில்லையா?"

"சீ! வாயால எப்படிம்மா சொல்றது?"

மிஸ் அதைக் கோதண்டத்தின் கையில் வைத்தாள். இன்னும் சூடு ஆறவில்லை.

'கோதண்டம்.'

அவ்வளவுதான் எழுதியிருந்தது. மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. எங்களுக்கும்தான்.

அவர் மரகதம்மாவின் பக்கம் திரும்பினார்.

"என்ன மரகதம், கூப்பிட்டியா?"