நிழலுக்கு வந்த வரி

முன்னொரு காலத்தில், மேகங்கள் வழி மறந்துபோன ஒரு நாட்டை வீரசிகாமணி என்றொரு மன்னர் ஆண்டு வந்தார். மழை பொய்த்து வயல் வெடித்தது, தறி நின்றது, சந்தை ஓய்ந்தது. கஜானாவில் குடியிருந்த எலிகள்கூட வேறு இடம் பார்த்துப் போய்விட்டன. அரண்மனைச் செலவு மட்டும் குறையவில்லை. அதைப் பற்றிப் பேசினால் தலை போகும் என்பதால் யாரும் பேசவில்லை.

"கஜானாவுக்குப் புதிய வருமானம் வேண்டும். வழி சொல்லுங்கள்!" என்றார் மன்னர்.

கருவூல அதிகாரி அம்பலத்தரையன் எழுந்தார். விகடகவி பூவராகனோடு மன்னர் சிரித்துப் பேசுவதைக் கண்டாலே அவருக்கு வேப்பெண்ணெய் குடித்த முகமாகிவிடும்.

"பிரபு! நிழலில் நிற்பவர் எவராயினும், நிழல் ஒன்றுக்கு ஒரு பணம் கட்டட்டும். மரத்தடியில் ஒதுங்காத குடியானவன் உண்டா? வசூலைப் பூவராகனிடமே ஒப்படையுங்கள். அமாவாசைக்குள் கஜானா நிறையாவிட்டால் அவன் நாட்டை விட்டே போகட்டும்."

கவலையில் இருந்த மன்னர் யோசிக்காமல் முத்திரை வைத்துவிட்டார்.

பூவராகன் ஆணையோலையோடு வீட்டுக்கு நடந்தான். வீட்டில் மனைவி செங்கமலம் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அந்த மனுசன் உங்களை நல்லா மாட்டிவிட்டுட்டாரு. கஞ்சிக்கே வழியில்லாத சனங்ககிட்ட எதைப் போயிக் கேப்பீங்க?"

கேட்கத்தான் போனான். உச்சிவேளையில் ஊர்க்கோடி மரத்தடியில் நெசவுக்காரர்கள் சுருண்டு கிடந்தார்கள். அவனைக் கண்டதும் ஒரு பெண் பதறி எழுந்து, "சாமி, இதுக்குமா வரி?" என்றாள். பூவராகன் அண்ணாந்து பார்த்தான். மரத்தில் பேருக்குக்கூட ஓர் இலை இல்லை. கிளைகளுக்கு நடுவே வெயில் கொட்டிக்கொண்டிருந்தது.

"எதுக்கம்மா வரி? நெழலே இல்லையே!" என்று வாய்விட்டுச் சிரித்தவன், நேராக அரண்மனை வாசலுக்கு நடந்தான்.

அந்த நாட்டில் குடைதான் பதவி. சிற்றதிகாரிக்கு ஓரடுக்கு, தளபதிக்கு ஈரடுக்கு, அம்பலத்தரையனுக்கு மூன்றடுக்கு. வெயிலோ மந்தாரமோ, வெளியில் குடை மடங்கினால் பதவியும் மடங்கியது என்று அர்த்தம்.

"நில்லுங்கள் ஐயா. மூன்றடுக்கு, மூன்று நிழல். மூன்று பணம்" என்று, குடையோடு வந்த அம்பலத்தரையனை மறித்தான் பூவராகன்.

அம்பலத்தரையன் சீறினார். "என்ன துணிச்சல்! குடை பிடிப்பவனும் நிழலில்தானே நிற்கிறான்? அவனிடம் வாங்கு!"

"குடைக்கு உரியவரே நிழலுக்கும் உரியவர். அவனுக்கும் சேர்த்து ஆறு பணமாகக் கட்டுங்கள். கஷ்டமாக இருந்தால் குடையை மடக்கிக்கொள்ளலாமே!"

மடக்குவதா? பின்னால் தளபதி ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார். அம்பலத்தரையன் பல்லைக் கடித்தபடி மடியை அவிழ்த்தார். அவரே கட்டிய பிறகு மற்றவர்கள் என்ன செய்வார்கள்? உள்ளே போகும்போது வரி, வெளியே வரும்போதும் வரி. ஒருவரும் குடையை மடக்கவில்லை. அமாவாசைக்கு முன்பே கஜானா நிறைந்தது.

அம்பலத்தரையன் விடுவாரா? சபையில் முறையிட்டார். "பிரபு, இவன் குடிகளிடம் செல்லாக்காசுகூட வாங்கவில்லை. மரத்தில் இலை இல்லையாம்! தங்கள் வெண்கொற்றக் குடை நாட்டுக்கே நிழல் தருகிறதே? குடிகள் அனைவரும் அதன் கீழ்தானே வாழ்கிறார்கள்? எல்லோரிடமும் வசூலிக்க ஆணையிடுங்கள்!"

மன்னர் தலையசைக்கப் போனார். பூவராகனுக்கு அந்த நெசவுக்காரி முகம் கண்முன் வந்தது. சட்டென்று குனிந்து வணங்கினான்.

"அதிகாரி சொல்வது நூற்றுக்கு நூறு சரி, பிரபு. ஆனால் குடைக்கு உரியவரே அதன் கீழ் நிற்பவருக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். அதிகாரியே தினமும் கட்டிக் காட்டிய வழக்கம் இது. ஆகவே குடிகள் அத்தனை பேருக்கும் சேர்த்துத் தாங்கள்தான் கட்ட வேண்டும். எப்போது வாங்கிக்கொள்ள வரட்டும்?"

மன்னரின் முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது, பிறகு அவர் சபையே அதிரச் சிரித்தார்.

"மரநிழலுக்கு இனி வரி இல்லை! நாடு செழிக்கும்வரை குடைக்கு மட்டும் இருக்கட்டும். பூவராகா, உனக்கும் ஒரு மூன்றடுக்குக் குடை தந்தோம்!"

"ஐயையோ, பிரபு! என் சம்பளத்துக்கு அது கட்டுப்படியாகாது!"

மன்னர் கண்ணில் நீர் வரச் சிரித்து, கைக் காப்பைக் கழற்றி அவனுக்கு அணிவித்தார்.

கொளுத்தும் வெயிலில் வெறுந்தலையோடு பூவராகன் வீடு வந்தான். செங்கமலம் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"போறோமா, இருக்கோமா?"

"இருக்கோம்டி. நாம மட்டுமில்ல, எல்லாருமே இருக்கோம். போய் உலையை வை."