ஐந்தாவது வாக்கியம்

பட்டுக்கோட்டையில், நூலகத்து மாடியில், ஜெசிந்தா என்றொரு ஆங்கில ஆசிரியை இருந்தார். குரு என்று யாராவது சொன்னால் முகத்தைச் சுளிப்பார். வயது இன்னும் முப்பது ஆகவில்லை. சீடர்கள் எல்லாரும் அவரைவிட மூத்தவர்கள். ஒரு பஸ் கண்டக்டர், ஒரு மருந்துக்கடைக்காரர், ஓய்வுபெற்ற நர்ஸ்கள் இரண்டு பேர். எல்லாருக்கும் மூத்தவர் திரிபுரசுந்தரி. அறுபத்துமூன்று வயதில், கனடாவில் இருக்கும் பேத்தியோடு போனில் பேசுவதற்காகச் சேர்ந்தவர்.

வாரம் ஒருவர் ஒரு வினைச்சொல்லைக் கொண்டுவர வேண்டும். அதை வைத்து எல்லாரும் ஐந்து வாக்கியம் எழுத வேண்டும். இது வகுப்பின் வழக்கம். இன்னொரு வழக்கமும் இருந்தது. அதுதான் கொஞ்சம் வம்பு பிடித்தது. உயிரோடு இருக்கிற மனிதரைப் பற்றி எழுதினால், அதை அவர் முகத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லிவிட்டு வர வேண்டும். அதுவரை ஜெசிந்தா சரி போட மாட்டார். கண்டக்டர் ஒருமுறை தன் மேலதிகாரியைப் பற்றி எழுதிவிட்டுப் பதினைந்து நாள் வகுப்புப் பக்கமே வரவில்லை. அதிலிருந்து எல்லாரும் மழையையும் மாட்டையும் பற்றியே எழுதினார்கள்.

அந்த வாரத்துச் சொல் திரிபுரசுந்தரி கொண்டுவந்தது. இன்கபாசிடேட். ஒருவரைச் செயல்பட முடியாதபடி ஆக்கிவிடுவது.

"வாயில நுழையாத இத எங்கம்மா புடிச்சீங்க?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"பையன் அனுப்புனான்" என்றார் திரிபுரசுந்தரி. உடனே நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

அவர் எழுதிய வாக்கியங்களில் புயல் ஊரைச் செயலிழக்கச் செய்தது. காய்ச்சல் மாட்டைச் செயலிழக்கச் செய்தது. முதல் நான்குக்கும் ஜெசிந்தா சரி போட்டிருந்தார். ஐந்தாவதன் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

வகுப்பு கலைந்த பிறகு திரிபுரசுந்தரி நோட்டோடு நின்றார்.

"தப்பா டீச்சர்?"

"தப்பில்ல. இங்கிலீஷ் சுத்தமா இருக்கு."

"பின்ன ஏன் சரி போடல?"

"அவர்ட்ட சொன்னீங்களா?"

ஐந்தாவது வாக்கியம் இதுதான்: பக்கவாதம் என் கணவரைச் செயலிழக்கச் செய்துவிட்டது, அவரால் எதையும் முடிவு செய்ய முடியாது.

அது வீட்டுப்பாடம் அல்ல. மகன் இளஞ்செழியன் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிய கடிதத்தின் முதல் வரி. வீடு அப்பா பேரில் இருக்கிறது. அதை விற்றுவிட்டு இருவரையும் சென்னையில் முதியோர் இல்லம் ஒன்றில் சேர்க்க வேண்டும். அப்பாவுக்குப் பதிலாக மகன் முடிவெடுக்கலாம் என்று நீதிமன்றம் சொல்ல வேண்டும். அம்மா தன் கைப்பட அந்தக் கடிதத்தை எழுதி வெள்ளிக்கிழமை வரும் வக்கீலிடம் கொடுத்தால் போதும்.

மகன் கெட்டவன் இல்லை. திரிபுரசுந்தரிக்கு முதுகு போய்விட்டது. கணவர் வைத்திலிங்கத்தைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது தினமும் ஒரே பயம்தான். தான் விழுந்துவிட்டால் இருவரையும் யார் தூக்குவார்கள்?

"அவருக்குப் பேச்சே இல்ல டீச்சர். வலது பக்கம் முழுக்கப் போச்சு. சொன்னா வெளங்குதா, வெளங்கலயான்னே தெரியல."

"தெரியலன்னா சொல்லிப் பாருங்க."

"சொல்லி அவர் மனசு ஒடைஞ்சிட்டா?"

ஜெசிந்தா நோட்டை மூடி அவர் கையில் கொடுத்தார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலையில் கஞ்சி கொடுப்பதற்கு முன்னால், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திரிபுரசுந்தரி அதைத் தமிழில் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தலையணை உறையைப் பார்த்தே சொல்லி முடித்தார். வைத்திலிங்கம் ஒரு சத்தமும் செய்யவில்லை. அப்பாடா என்றிருந்தது. கஞ்சியைக் கரண்டியில் எடுத்து வாயருகே கொண்டுபோனார்.

வாய் திறக்கவில்லை.

மதியமும் திறக்கவில்லை. சாயங்காலம் டீயை ஆற்றிக் கொடுத்தார். உதட்டோரம் வழிந்து சட்டையில் இறங்கியது. ராத்திரி மாத்திரையும் உள்ளே போகவில்லை. மாத்திரை இல்லாவிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், இன்னொரு பக்கமும் விழுந்துவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். திரிபுரசுந்தரி அன்று கண்ணை மூடவே இல்லை.

புதன்கிழமை டாக்டர் வந்து பார்த்தார். டார்ச் அடித்தார், தாடையைத் தொட்டுப் பார்த்தார், புதிதாக ஒன்றும் இல்லை என்றார். அவர் போன பிறகும் திரிபுரசுந்தரி நீட்டிய கரண்டிக்கு வாய் திறக்கவில்லை.

வியாழக்கிழமை வகுப்பு கிடையாது. ஜெசிந்தா மாடியில் தனியாக உட்கார்ந்து தாள் திருத்திக்கொண்டிருந்தார். திரிபுரசுந்தரி கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படியேறி வந்தார். செருப்பு ஒன்று வேறு ஜோடியுடையது.

"வாயும் விழுந்துடுச்சு டீச்சர்."

"உக்காருங்க. மொதல்ல தண்ணி குடிங்க."

"வேண்டாம். நீங்க சொன்னபடி சொன்னேன். சொன்ன நேரத்துலேர்ந்து வாயத் தொறக்கல. மூணாவது நாள். டாக்டர் ஒண்ணுமில்லங்குறாரு. அவருக்கு என்ன தெரியும், தெனம் கூட இருக்கிறவ நானு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"மாத்திரை?"

"அது போவுது."

"எப்படிப் போவுது?"

"பக்கத்து வீட்டு பரக்கத்து வந்து குடுக்குறா. நேத்துலேர்ந்து கஞ்சியும் அவதான். அவ இல்லன்னா என்ன ஆயிருக்குமோ." திரிபுரசுந்தரி பையிலிருந்து நோட்டை எடுத்தார். "நாளைக்கு வக்கீல் வர்றாரு. இனிமே சந்தேகமே இல்ல டீச்சர். நான் எழுதினது அப்படியே நெசமாயிடுச்சு. அதுக்கு மட்டும் ஒரு சரி போட்டுக் குடுத்துடுங்க, நான் பயமில்லாம கடுதாசிய எழுதிடுறேன்."

ஜெசிந்தா நோட்டை வாங்கவில்லை.

"பரக்கத்து குடுத்தா எவ்வளவு கஞ்சி குடிக்கிறாரு?"

"ஒரு டம்ளர். முழுசா."

"நீங்க குடுத்தா?"

"ஒரு சொட்டு எறங்கல."

"நேத்தும்?"

"நேத்து மூணு வேளையும். இன்னிக்குக் காலையிலயும். என்னக் கண்டா மூஞ்சியச் சொவத்துப் பக்கம் திருப்பிக்குறாரு."

கீழே நூலகத்தில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். ஜெசிந்தா பேனாவை மூடி வைத்துவிட்டு, அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"அம்மா, உங்க கையால சாப்புடுறதில்லன்னு யாரு முடிவு பண்ணது?"

திரிபுரசுந்தரி நோட்டைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.