சுவருக்குக் காவல்

மாசானமுத்து காவல்துறையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அவருக்கு வைத்தியம் படிக்கும் ஆசை வந்தது. தாமிரபரணிக் கரையில் சித்த வைத்தியம் பார்த்துவந்த ஆவுடையம்மையிடம் போய்க் கேட்டார். வைத்தியருக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும்.

“நாடி பிடிக்கத் தெரியுமா அண்ணாச்சி?” என்று கேட்டார் ஆவுடையம்மை.

“கையைப் பிடிக்கத் தெரியும். நான் பிடிச்ச கை எதுவும் தப்பிச்சதில்ல.”

வைத்தியர் வாய்விட்டுச் சிரித்தார். அன்றே அவரைச் சீடராகச் சேர்த்துக்கொண்டார்.

சீடர் உழைப்பாளி. மருந்து இடிப்பார், சலிப்பார், கஷாயம் காய்ச்சுவார். ஆனால் எந்த நோயும் அவர் கண்ணுக்குத் திருட்டாகத்தான் தெரிந்தது. இருமலோடு வருகிறவரிடம், “நேத்து எங்கெல்லாம் போனீரு?” என்பார். மூட்டுவலிக்காரர் சொல்வதை நம்பாமல், கூட வந்தவரைத் தனியே அழைத்து விசாரிப்பார். வைத்தியர் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒன்றும் சொல்லமாட்டார்.

ஒரு நாள் காலையில் உலகம்மை என்கிற பெண், தன் மருமகள் செண்பகவல்லியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மருமகள் வெளிறிப்போயிருந்தாள். வாசலில் இருந்து உள்ளே வருவதற்குள் மூச்சு வாங்கியது.

“என்ன செய்யுது மதினி?” என்று வைத்தியர் மாமியாரிடம் கேட்டார்.

“எங்க வீட்டுச் சுவரைத் திங்கா.”

“எந்தச் சுவரை?”

“மாட்டுத் தொழுவத்துச் செம்மண் சுவரு. பானை நுழையுத அளவுக்கு ஓட்டை போட்டுட்டா. ஏசிப் பாத்தேன். கும்பிட்டுப் பாத்தேன். கடைசியில சுவர் பூராவும் வேப்பெண்ணெயைத் தடவி விட்டேன்.”

“விட்டுட்டாளா?”

“அதையும் சேத்துத் தின்னுட்டா!”

மாசானமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. மீசையைத் தடவி அடக்கிக்கொண்டார்.

உலகம்மைக்குச் சிரிக்கிற நிலை இல்லை. “தெருவுல தலை காட்ட முடியல வைத்தியரம்மா. நான் சோறு போடாமத்தான் மருமக மண்ணைத் திங்காளாம். இப்படிப் பேசுதாவ. இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள இது நிக்கணும். இல்லன்னா கொண்டுபோய் அவ அம்மா வீட்டுல விட்டுருவேன். பிள்ளைங்க ரெண்டையும் நான் வளத்துக்கிடுவேன்.”

செண்பகவல்லி தலையைக் குனிந்துகொண்டாள்.

வைத்தியர் அவளுடைய கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார். நகங்களைப் பார்த்தார். நாடியைத் தொட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். “வயித்துல வலி உண்டா?” என்று மெல்லக் கேட்டார். செண்பகவல்லி மாமியாரை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

சீடர் முன்னால் வந்தார். “எப்பம்மா ஆரம்பிச்சே? யார் பழக்கிவிட்டது? மண்ணை எதுக்குத் திங்கே? உண்மையைச் சொல்லணும்!”

செண்பகவல்லியின் தலை இன்னும் தாழ்ந்தது. கண்ணீர் சொட்டியது.

இருவரையும் கூடத்தில் உட்காரச் சொல்லிவிட்டு வைத்தியர் மருந்தறைக்குள் போனார். சீடரும் பின்னாலேயே போனார்.

“இரத்தம் ரொம்பக் குறைவா இருக்கு அண்ணாச்சி.”

“மண்ணைத் தின்னா குறையாம என்ன செய்யும்?”

“இரத்தம் குறைஞ்சவங்களுக்கு மண்ணு மேல ஆசை வருமே. அதுக்கு என்ன சொல்லுதீங்க?”

சீடர் குழம்பினார். “அப்ப எது முந்தி? மண்ணு தின்னதால இரத்தம் குறைஞ்சுதா? இரத்தம் குறைஞ்சதால மண்ணு திங்காளா?”

“நல்ல கேள்வி.”

“பதில்?”

“சுவர்கிட்டக் கேளுங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்தத் தொழுவத்துல போய்க் காவல் இருங்க.”

மாசானமுத்துவுக்கு வயது குறைந்ததுபோல் இருந்தது. எத்தனை காலம் கழித்துக் காவல் வேலை! மறுநாள் விடிந்ததும் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். செண்பகவல்லியை இரத்தப் பரிசோதனைக்கு அரசு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருந்தார் வைத்தியர். அவளும் காலையிலேயே போய் இரத்தம் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

தொழுவத்தில் ஒரு பசுவும் கன்றும் நின்றன. சீடர் சுவருக்கு எதிரே நாற்காலியைப் போட்டு விறைப்பாக உட்கார்ந்தார். பசு அவரைப் பார்த்தது. அவர் சுவரைப் பார்த்தார்.

குற்றவாளி சுவர்ப் பக்கமே வரவில்லை. அவளுக்கு நேரமும் இல்லை. தண்ணீர் சுமந்தாள். சாணி அள்ளினாள். சோறு பொங்கிப் புருஷன் கொம்பையாவுக்கும் பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் போட்டாள். காவலுக்கு வந்தவருக்கும் இலை போட்டுப் பரிமாறினாள். எல்லாரும் எழுந்த பிறகு பானையைச் சாய்த்து, அடியில் கிடந்ததில் நீரை ஊற்றி, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு குடித்தாள். குடங்களைத் தூக்கிக்கொண்டு மறுபடி கிளம்பினாள். வழியில் படியில் உட்கார்ந்து மூச்சு விட்டாள்.

எல்லாம் மாசானமுத்துவின் கண்ணில் பட்டது. ஆனால் அவருடைய கவனமெல்லாம் சுவரிலேயே இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் திடீரென்று மழை பிடித்தது. சாரல் சுவரில் அடித்தது. காய்ந்து கிடந்த செம்மண்ணிலிருந்து ஒரு வாசனை கிளம்பித் தொழுவம் முழுக்க நிறைந்தது.

மாசானமுத்து மூச்சை இழுத்தார். இன்னொரு முறை இழுத்தார். நாக்கில் எச்சில் ஊறியது. அவருக்கே வெட்கமாக இருந்தது. இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். பசுவைத் தவிர யாரும் இல்லை. எழுந்து போய், ஓட்டையின் ஓரத்தில் நகத்தால் சுரண்டி ஒரு துணுக்கை வாயில் போட்டார்.

நறநறவென்றது. சில்லென்றும் இருந்தது. மோசமில்லை. இன்னும் கொஞ்சம் பெரிதாகப் பெயர்த்து வாயில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

புல்லுக்கட்டோடு செண்பகவல்லி நின்றுகொண்டிருந்தாள்.

எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்தவர் மாசானமுத்து. பிடிபட்டவன் எப்படி நிற்பான் என்று அவருக்குத் தெரியும். இப்போது அப்படியே நின்றார். வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அவள் புல்லுக்கட்டை இறக்கி வைத்தாள்.

“அந்த இடம் நல்லாருக்காது மாமா,” என்றாள். “அது சாணி கலந்து பூசினது. இந்த மூலையில பாருங்க. இதுதான் வாசமா இருக்கும்.”

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். மாசானமுத்துவும் வாயில் இருந்ததைத் துப்பிவிட்டுச் சிரித்தார். பசு இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தது.

சிரிப்பு அடங்கியதும் அவர் கேட்டார். “எனக்கு மழைவாசனை பிடிச்சு இழுத்துச்சு. உனக்கு எப்படிம்மா இருக்கும்?”

செண்பகவல்லி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“நெஞ்சு படபடன்னு அடிக்கும் மாமா. கண்ணு இருட்டும். அப்பம் ஒரு விள்ளல் வாயில போட்டா ஏதோ நிம்மதியா இருக்கும். சின்னவ பிறந்ததுலேர்ந்து இப்படித்தான்.”

“பிரசவத்துல ஏதும் கஷ்டமா?”

அவள் தயங்கினாள். “இரத்தம் ரொம்பப் போச்சு. இப்பவும் மாசாமாசம் அப்படித்தான் போகுது. மண்ணு தின்னா வயித்து வலி வேற. வெளிக்குப் போகமாட்டேங்குது. விட்டுரணும்னுதான் தினமும் நினைக்கேன். வாய் கேக்கல.”

“இதை ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?”

“ஏன் திங்கேன்னு எல்லாரும் கேட்டாங்க. எனக்கு என்ன செய்யுதுன்னு வீட்டுல யாரும் கேக்கலியே.”

சீடர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மழையிலேயே வைத்தியரிடம் போனார். அவள் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். பானையைச் சாய்த்து அவள் குடித்த நீர்ச்சோறும் அப்போதுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது. அதையும் சொன்னார்.

வைத்தியர் கேட்டுக்கொண்டே அவருடைய முகத்தைப் பார்த்தார். “மீசையில என்ன அண்ணாச்சி?”

மாசானமுத்து அவசரமாகத் துடைத்தார். செம்மண் இன்னும் பரவியது.

“விசாரணைக்காகக் கொஞ்சம்…” என்று இழுத்தார்.

“மாடு நிக்கிற இடத்து மண்ணு. புழு முட்டை இருக்கும். வயித்துக்குள்ள போனா அதுவும் உக்காந்து இரத்தத்தைக் குடிக்கும். அவளுக்குப் புழு மருந்து கொடுக்கணும். உங்களுக்கும் ஒரு பங்கு எடுத்து வச்சிருங்க.”

“சரி. என் கேள்விக்குப் பதில்? எது முந்தி?”

“இரத்தம் போனதால ஆசை வந்துது. தின்ன மண்ணு, சோத்துல உள்ள இரும்புச் சத்தை உடம்புல சேரவிடாமப் பிடிச்சு வச்சிக்கிடுச்சு. அதனால இரத்தம் இன்னும் குறைஞ்சுது. ஆசை இன்னும் கூடிச்சு.”

“அப்ப எதை முதல்ல பிடிக்க?”

“நாளைக்கு மத்தியானம் அவங்க வீட்டுக்குச் சாப்பிடப் போவோம்,” என்றார் வைத்தியர்.

வெள்ளிக்கிழமை. செண்பகவல்லியின் துணிமணிகளை ஒரு பையில் கட்டி நடையில் வைத்திருந்தாள் உலகம்மை. பிள்ளைகள் இரண்டும் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றன. கொம்பையா திண்ணையில் உட்கார்ந்திருந்தான்.

வைத்தியர் சீடரோடு, பையைப் பார்க்காததுபோல் உள்ளே போனார். ஆஸ்பத்திரியில் கொடுத்த முடிவைக் கேட்டு வாங்கிப் பார்த்துத் தலையை ஆட்டினார். “மதினி, பசிக்குது. சோறு போடுங்க. முருங்கைக்கீரை கொண்டாந்திருக்கேன். ஈரலும் இருக்கு. வெள்ளிக்கிழமைன்னு பாக்காதீங்க, இது மருந்து.”

செண்பகவல்லி சமைத்து முடித்ததும் உலகம்மை வைத்தியருக்கு ஓர் இலையைப் போட்டாள்.

“எனக்குத் தனியா சாப்பிட வராது. சமைச்சவளும் கூட உக்காரட்டும்,” என்றார் வைத்தியர்.

“அவ பொறவு சாப்பிடுவா.”

“பொறவுன்னா, மிச்சம் இருந்தா.”

உலகம்மைக்குச் சுருக்கென்றது. “நான் வாக்கப்பட்டு வந்த நாள்லேர்ந்து அப்படித்தான் தின்னேன். எனக்கு யாரு முதல்ல போட்டா?”

வைத்தியர் எழுந்து இன்னும் இரண்டு இலைகளை எடுத்துத் தன் இலைக்கு இருபுறமும் போட்டார். “அப்ப நீங்களும் உக்காருங்க.”

“நல்ல கதையா இருக்கு. மூணு பேரும் உக்காந்தா யாரு பரிமாற?”

வைத்தியர் சீடரைப் பார்த்தார்.

மாசானமுத்து வேட்டியை மடித்துக் கட்டினார். கரண்டியை லத்தியைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு சோற்றைப் போட்டார். குழம்பு இலையைத் தாண்டி ஓடியது. உலகம்மை சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டாள். செண்பகவல்லியின் இலையில் முதலில் ஈரல் விழுந்தது. சூடான சோற்றைப் பிசைந்துகொண்டே அவள் மாமியாரை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

“தின்னு,” என்றாள் உலகம்மை. குரல் இறங்கியிருந்தது.

இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு உலகம்மை இலையைப் பார்த்தபடியே சொன்னாள்.

“எனக்கு அடுப்பு மண்ணு.”

“என்ன சொல்லுதீங்க அத்தை?”

“கொம்பையா வயித்துல இருக்கையில. ஒரு அடுப்புக்கட்டியில பாதியை முடிச்சிட்டேன். பூனை இடிச்சித் தள்ளிட்டுன்னு எங்க மாமியாகிட்டச் சொன்னேன். அவ பூனையைக் கம்பெடுத்து விரட்டுனா. பாவம், அது இன்னொரு வீட்டுக்குப் போயிட்டு.”

செண்பகவல்லிக்குப் புரையேறியது. மாமியாரே அவள் தலையில் தட்டினாள். தட்டிய கையை அப்படியே கொஞ்ச நேரம் தலைமேல் வைத்திருந்தாள்.

யாரும் கவனிக்காதபோது கொம்பையா நடையில் இருந்த பையை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டான்.

வைத்தியர் இரத்தப்போக்குக்கு மருந்து கொடுத்தார். புழு மருந்து கொடுத்தார். ஆஸ்பத்திரியில் தந்த இரும்புச் சத்து மாத்திரையையும் விடாமல் சாப்பிடச் சொன்னார். கிளம்பும்போது பொரிகடலையும் நெல்லிவற்றலும் கலந்த ஒரு சுருக்குப்பையைச் செண்பகவல்லியின் கையில் வைத்தார்.

“வாய் கேட்டா முதல்ல இதைப் போடு. அதுக்கப்புறமும் கேட்டா என்கிட்ட வந்து சொல்லு.”

அவள் அடிக்கடி வந்து சொன்னாள். “நேத்துக் கொஞ்சம் தின்னுட்டேன் வைத்தியரம்மா,” என்பாள். “எந்த மூலை?” என்று வைத்தியர் கேட்பார். இரண்டு பேரும் சிரிப்பார்கள். பிறகு வைத்தியர் இமையை இழுத்துப் பார்த்து மருந்தைக் கூட்டுவார், குறைப்பார். சில வாரங்களில் இமையில் சிவப்பு ஏறத் தொடங்கியது. ஐப்பசி மழையில் ஊரெல்லாம் மண் மணத்தபோது அவள் வந்தாள். “வாசம் நல்லாத்தான் இருக்கு. ஆனா வாய் கேக்கவே இல்ல,” என்றாள். வாசலில் இருந்து உள்ளே வந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கவில்லை.

அவள் போன பிறகு மாசானமுத்து மருந்து இடிப்பதை நிறுத்தினார்.

“ஒண்ணு கேக்கணும் வைத்தியரம்மா. மண்ணு தின்னா இவ்வளவு கெடுதல் வரும்னு உங்களுக்குத் தெரியும். ஆனா ‘திங்காதே’ன்னு அவகிட்ட நீங்க ஒரு தடவைகூடச் சொல்லலியே. நீங்க சொன்னா கேட்டிருப்பாளே?”

“கேட்டிருப்பா அண்ணாச்சி,” என்றார் ஆவுடையம்மை. “அதுக்கப்புறம் எனக்குத் தெரியாமத் தின்னிருப்பா.”