திருட்டுப் போன நாழிகை

முன்னொரு காலத்தில், பொழுதைத் தண்ணீரில் அளந்த ஒரு நாடு இருந்தது. அரசவை மூலையில் ஒரு கொப்பரைத் தண்ணீர். அதில் அடியில் ஊசித்துளையிட்ட செப்பு வட்டில் ஒன்று மிதக்கும். துளைவழியே நீர் ஏறி வட்டில் மூழ்கினால் ஒரு நாழிகை. உடனே காவலன் சேகண்டி அடிப்பான்.

ஒருநாள் அரசர் கண்ணாடியில் தம் முதல் நரையைக் கண்டார். முகம் வாடி அவைக்கு வந்தார்.

"என் வயதெல்லாம் எங்கே போயிற்று?"

விகடகவி வெண்காடன்மேல் நெடுநாளாகப் பொறாமை கொண்டிருந்த பிரதானி அம்பலவாணர் எழுந்தார். "திருடன் இந்த அவையில்தான் இருக்கிறான், அரசே. வெண்காடன் கதை சொன்னால் தங்களுக்கு மூன்று நாழிகை ஒன்றாகக் கழிகிறது. மீதியை அவன் என்ன செய்தான்? கேளுங்கள்."

நரை கண்ட மனம் எதையும் நம்பும். "வெண்காடா, பொழுது சாய்வதற்குள் என் நாழிகைகளைத் திருப்பிக் கொடு. இல்லையேல் நாட்டைவிட்டுப் போய்விடு" என்றார் அரசர்.

வெண்காடன் கொப்பரையையே பார்த்தான். நீர் ஓசையின்றி ஏறிக்கொண்டிருந்தது. ஆற்றங்கரையில் அவன் வீடு, வாசலில் மனைவி, எல்லாம் அந்த நீருக்கடியில் அசைவதுபோல் தெரிந்தது. வேறோர் ஊரை அவன் அறியான். வட்டில் மூழ்கியது, சேகண்டி ஒலித்து அடங்கியது.

"என்ன விகடகவியாரே, வாய்க்குப் பூட்டா?" என்றார் பிரதானி.

வெண்காடன் நிமிர்ந்தான். "கொடுத்துவிடுகிறேன், அரசே. ஆனால் குற்றம் சாட்டுபவர் தம் குலப்பெருமை கூறித்தான் வழக்கைத் தொடங்கவேண்டும் என்பது இந்த அவையின் முறை. பிரதானியார் அதை மறந்துவிட்டார்."

"அதற்கென்ன!" என்று அம்பலவாணர் அங்கவஸ்திரத்தை இழுத்துவிட்டுக்கொண்டார். காவலன் வட்டிலை மறுபடி மிதக்கவிட்டான்.

முப்பாட்டனார் பிறந்த நட்சத்திரம் வந்தது. அவர் ஏறிய யானை வந்தது. யானையின் தாய் வந்தது. அரசர் ஒரு தூணைப் பார்த்தார். தூணில் ஓர் ஈ. ஈ பறந்துபோனது, யானை போகவில்லை.

"போதும்! பொழுது சாய்ந்துவிட்டதா?" என்று கத்தினார் அரசர்.

காவலன் கொப்பரையை எட்டிப் பார்த்தான். "வட்டில் இன்னும் பாதிகூட நிறையவில்லை, அரசே."

"பாதியா? ஒரு யுகமல்லவா கழிந்தது!"

வெண்காடன் கைகூப்பினான். "திருடியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அரசே. குறைந்தால் சொல்லுங்கள். பிரதானியார் இன்னும் பாட்டனாருக்கே வரவில்லை."

அரசர் சிரித்தார், கண்ணில் நீர் வரச் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். "இந்தப் பொழுது எனக்கு வேண்டாமப்பா. நீயே திருடிக்கொள்!"

வெண்காடன் அரசரின் காலடியில் அமர்ந்து, ஒரு கதையைத் தொடங்கினான். அது முடிந்தபோது அவை முழுவதும் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. எப்போது ஏற்றினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.